கடைசி மூன்று புள்ளிகள்

...ஒருவர் கை தட்டினால் போதும், எதற்கு என்று மற்றவர்கள் கேட்கமாட்டார்கள், முன்வரிசையில் நூலகர் கையைத் தூக்கியதும் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, அப்புறம் சாப்பாடு எப்போது என்று பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த கடைசி வரிசைவரை எல்லாரும் தட்டுகிறார்கள், மைக்கில் வளவன் இப்போது என்ன சொல்லிவிட்டான், இன்றைக்கு ஓய்வு பெறுகிற சகாதேவன் சார் ஒரு ஆலமரம் என்றான், அதற்கா இத்தனை சத்தம், போன வருடம் வேதியியலில் ஓய்வு பெற்றவரும் ஆலமரம்தான், அதற்கு முந்தின வருடம் தமிழ்த்துறைக்காரர், முப்பது வருடமாக இந்தக் கல்லூரியில் மனிதர்களே வேலை பார்க்கவில்லை போலிருக்கிறது. நானும் தட்டுகிறேன், இரண்டு விரலால், சத்தம் வராமல். கல்லூரி அரங்கம் ஒழுகுகிறது என்று போளூர் ரோட்டில் கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறார்கள், மேடையில் மணமக்கள் உட்காருகிற அதே சிவப்பு வெல்வெட் நாற்காலியில் சார் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் மனைவி வள்ளியம்மா, சார் கழுத்தில் ஏழு சால்வை, ஏழையும் எடுக்காமல் வியர்த்து வழிந்துகொண்டு ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், யாரையும் புண்படுத்தாத சிரிப்பு, எதையும் சரிபார்க்காத சிரிப்பு. வாழ்த்துரை வழங்கச் சொன்னார்கள், அவருடைய முதல் ஆய்வு மாணவி நான்தானே, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இவர்கள் அதற்கும் தட்டியிருப்பார்கள்.

வளவன் விடமாட்டான், அடுத்த துறைத்தலைவர் அவன்தான், அதனால் இன்றைக்கு மைக்கும் அவனுடையது. "சார் ஒரு பேப்பர் எழுதினார், இரண்டாயிரத்து ஏழுல, உலகமே திரும்பிப் பார்த்துச்சு, நம்ம அண்ணாமலையைச் சுத்தி கிரிவலம் வர்ற லட்சக்கணக்கான ஜனங்க ஒரு பவர் லா-வுக்குக் கட்டுப்பட்டு நடக்கறாங்கன்னு நிரூபிச்சார். அண்ணாமலையாரோட பவர், அதுக்கு ஒரு லா" என்கிறான், தட்டுகிறார்கள், இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் சொல்கிறான், இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் தட்டுகிறார்கள். பவர் என்றால் இங்கே சக்தி இல்லையடா, அடுக்கு, எண்ணின் தலையில் ஏறி உட்காருகிற சின்ன எண். இதை விளக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிடம் ஆகுமா? மலை சுற்றுகிறவர்கள் கும்பல் கும்பலாகத்தான் நடப்பார்கள், குடும்பம், தெருக்காரர்கள், நாலு பேர், ஏழு பேர். கூட்டம் கம்மியாக இருக்கும்வரை பெரிய கும்பல்கள் சட்டென்று அரிதாகிவிடும், பத்துப் பேர் கும்பல் நூறு இருந்தால் இருபது பேர் கும்பல் பத்து, முப்பது பேர் கும்பல் ஒன்று, நாற்பது பேர் கும்பலைப் பார்க்க வேண்டுமென்றால் பத்துப் பௌர்ணமி காத்திருக்க வேண்டும், இதுதான் எக்ஸ்போனென்ஷியல், இதில் அதிசயம் எதுவும் கிடையாது, இந்த உலகத்தில் முக்கால்வாசி விஷயம் இப்படித்தான் மங்கிப்போகும். ஆனால் கூட்டம் ஏறி ஏறி ஒரு அளவைத் தொடும்போது, தண்ணீர் பனிக்கட்டியாகிற அந்த விளிம்பு மாதிரி, பாதையே வேறு ஒன்றாக மாறும், ஒருவன் கற்பூரம் ஏற்ற நின்றால் அரை மைல் பின்னால் யாரோ ஒருத்தி ஏன் என்று தெரியாமல் நிற்பாள், அங்கே பத்துப் பேர் கும்பல் நூறு என்றால் நூறு பேர் கும்பலும் ஒன்று இருக்கும், ஆயிரம் பேர் கும்பல்கூட நடக்காத காரியம் இல்லை, வழக்கமான அளவு என்று எதுவும் கிடையாது, அதுதான் பவர் லா, அதற்கென்று ஒரு வரைபடத்தாள் இருக்கிறது, அதில் குறித்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். விழ வேண்டும். விழுந்ததாக சார் காட்டினார். அவ்வளவுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எப்படிக் காட்டினார் என்று எனக்குத் தெரியும். சின்னக் கும்பல்கள் கோட்டில் உட்காரவில்லை, அவற்றை விட்டுவிட்டார், "அதெல்லாம் குடும்பம்மா, அது வேற கதை" என்று ஸ்கேலை எடுத்து எங்கிருந்து நேராக வருகிறதோ அங்கிருந்து கோடு போட்டார், ஆறாம் வகுப்புப் பையன் போடுகிற கோடு. அதை வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகை அச்சடித்தது, படித்துச் சரிபார்த்த அந்த இரண்டு மேதைகள், முகம் தெரியாத மேதைகள், ஒரு கும்பலில் ஐந்நூற்று எழுபத்தைந்து பேர் என்று அட்டவணையில் பார்த்தார்களே, நகர்ந்துகொண்டே இருக்கிற ஐந்நூற்று எழுபத்தைந்து பேரை ஒரு ஆள் மாடியில் நின்று எப்படி எண்ணினாள் என்று கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. இந்தியா, கோயில், பௌர்ணமி, மலை, அவர்களுக்கும் போதை. இதோ செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒருவர் மைக்கைப் பிடித்திருக்கிறார், காவி ஜிப்பா, விஞ்ஞானம் இன்றைக்குச் சொல்வதை ஞானிகள் அன்றைக்கே சொன்னார்கள் என்கிறார், எல்லா உயிரும் ஒரே உயிராகிற கணம் என்கிறார், சாரின் கட்டுரையைச் சட்டம் போட்டுத் தன் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாராம், அதில் ஒரு வரியாவது படித்திருப்பாரா, சார் அவருக்கும் கைகூப்புகிறார், மறுத்து ஒரு சொல் சொல்லக் கூடாதா, சொல்லமாட்டார், சால்வை போடுகிறவர்களை அவர் மறுத்ததே இல்லை.

சரி, தட்டுங்கள், போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிகிறது, காரணம் என் கைப்பையில் இருக்கிற போன், அதில் இருக்கிற ஒரு மெயில். பெங்களூரில் ஆய்வு செய்கிற ஒரு பெண், கவிநிலா என்று பெயர், பழைய கட்டுரைகளின் எண்களைப் புதிய முறையில் மறுபடி சோதித்துப் பார்க்கிறாளாம், எங்கள் அட்டவணையையும் சோதித்திருக்கிறாள். மிகப் பெரிய மூன்று கும்பல்களை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் சாதாரண எக்ஸ்போனென்ஷியலாகத்தான் தெரிகிறது, முடிவு முழுவதும் அந்த மூன்று புள்ளிகள்மேல்தான் நிற்கிறது, எண்ணும்போது எழுதிய மூலக் குறிப்பேடு உங்களிடம் இருந்தால் பார்க்கலாமா என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். படித்ததும் சமையலறையில் தனியாகச் சிரித்தேன், என்னம்மா என்று மகள் வந்து எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடம் கழித்து ஒருத்தி, ஒரே ஒருத்தி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டாள். காலையில் புறப்படுவதற்குமுன் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, பதிலும் எழுதி வைத்தாகிவிட்டது, குறிப்பேடு இணைத்திருக்கிறேன், பகுப்பாய்வு முழுக்க முழுக்க டாக்டர் சகாதேவனுடையது, அதில் எனக்குப் பங்கு இல்லை. அனுப்பவில்லை. விழா முடியட்டும் என்று வைத்திருக்கிறேன், இல்லை, விழாவுக்கு நடுவில் அனுப்பலாம் என்று... அவர் எட்டாவது சால்வைக்குக் கழுத்தை நீட்டுகிற நேரத்தில், இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, கட்டைவிரலால். அற்பமான ஆசைதான். இந்த மண்டபத்தில் அற்பமாக இல்லாதது எது?

"மேடம், அந்த பேப்பர்ல உங்க பேரும் இருக்குதில்ல?" பக்கத்து நாற்காலியில் கணிதத்துறை அன்புச்செல்வி, வேலைக்கு வந்து இரண்டு வருடம், முறுக்கு வாசனையோடு காதருகே குனிகிறாள். இருக்கு, ரெண்டாவதா. "பின்ன உங்களையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கணும், இன்னா மேடம் இவங்க." எண்ணினது மட்டும்தான் நான், என்றேன். "எண்ணினதா? எங்க நின்னு?" அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையோரம் என் சித்தப்பா வீட்டு மாடியில. "அப்ப மெயின் வேலையே உங்களுதுதானே." வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்க்கிறாளா என்றால் இல்லை, என்னையே பார்க்கிறாள், பாராட்டுகிற கண், இந்தக் காலத்துப் பெண்கள் கேள்வி கேட்டால் பதிலையும் வாங்காமல் விடுவதில்லை. வெயில் ஜாஸ்தியா இருந்திருக்குமே மேடம் என்கிறாள். இருந்தது. சித்திரை மாதம், சிமெண்டுத் தரை, கீழே பாதையில் செருப்பில்லாமல் போகிற ஜனங்கள், நான் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு மணியிலிருந்து நின்றேன், கையில் அமுக்கினால் எண் ஏறுகிற ஒரு சின்னக் கருவி, கைப்பிடிச் சுவர்மேல் நோட்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு சொம்பு. சார் எதிரில் வளைவிலிருந்த டீக்கடை பெஞ்சில், நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு. நான் நன்றாகத்தான் எண்ணினேன். அதுவரை ஐந்து பௌர்ணமி எண்ணியிருந்தேன், ஆயிரத்து நூறு கும்பல், ஒன்றுகூடப் பொய் இல்லை, ஒன்றுகூட.

ஐந்து பௌர்ணமியிலும் பெரிய கும்பல் கிடைக்கவில்லை, அறுபது பேருக்குமேல் எதுவும் இல்லை, கோடு கடைசியில் வளைந்து கீழே இறங்கியது, சித்திரைக்கு ஒரு வாரம் முன்னால் சார் அந்த வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பெரிய கும்பலா ரெண்டு மூணு கெடச்சா நல்லா இருக்கும்மா" என்றார். சொன்னாரா இல்லையா, சொன்னார், இது நான் கற்பனை செய்தது இல்லை. ஒரு வழிகாட்டி ஆய்வு மாணவியிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது? அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை... அதை விடு. ஆறு மணிக்குக் கூட்டம் கெட்டிப்பட ஆரம்பித்தது, நாற்பது, ஐம்பது, கும்பலுக்கும் கும்பலுக்கும் நடுவே இருந்த இடைவெளி மூடிக்கொண்டே வந்தது, ஆறு ஐந்துக்கு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன், பக்கம் நாற்பத்தொன்று, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, இதோ வருகிறது, இன்னும் பத்து நிமிடத்தில் அந்த விளிம்பு வருகிறது, இதற்காகத்தான் ஆறு மாதம். அப்போதுதான் படியில் சித்தியின் குரல். "கஸ்தூரி, எறங்கி வாடி, செய்யாறுல இருந்து வந்துகீறாங்க, மாப்ளயும் வந்துகீறாரு." யார், எதற்கு, என்னிடம் யாரும் சொல்லவில்லையே சித்தி, எனக்கு வேலை இருக்கு. "ஜனத்த எண்றதெல்லாம் ஒரு வேலையா? மலை சுத்துற ஜனம் எங்க போயிடப் போவுது, அடுத்த மாசமும் வரும். மூஞ்சியக் கழுவினு வா."

ஒரே நடையில் மலையையும் சுற்றிவிட்டுப் பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று வந்த குடும்பம், எவ்வளவு சிக்கனம், புழுதிக் காலோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள், ஆறு பேர், ஒரு கும்பல், அப்போதும் என் மூளை எண்ணியது. சித்தியின் பச்சைப் புடவையைச் சுற்றிவிட்டு, கையில் கேசரித் தட்டைக் கொடுத்துத் தள்ளினார்கள். மாடியில இன்னாம்மா பண்ணினு இருந்தே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள், ஜனங்களை எண்ணிட்டிருந்தேன் என்று சொன்னேன், சிரித்தார்கள், மாப்பிள்ளை கடைசியாகச் சிரித்தான், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "எண்ணி முடிச்சாச்சா?" என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது. எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, வெளியே பாதையில் அந்தச் சத்தம், அரோகரா என்பது தனித்தனியாக எழுவது நின்று ஒரே இரைச்சலாக மாறுவது, நான் காபி டம்ளரை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சர்க்கரை போதுமா, போதும், எந்த ஊர்ல படிச்சே, எவ்ளோ நாள் படிப்பே, நாற்பது நிமிடம். அப்புறம் பத்து நாள் கழித்து, பொண்ணு ஜாஸ்தி படிச்சிருக்குது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களுடைய மூஞ்சிகூட இப்போது நினைவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு மங்கவில்லை, ஏன் மங்கவில்லை, அன்றைக்கு நடந்த மற்றதெல்லாம் மங்கிவிட்டதே.

மேலே ஓடிவந்தபோது ஆறு நாற்பத்தைந்து. கீழே பாதையே இல்லை, தலைகள்தான், ஒரே உடம்பாக நகர்ந்துகொண்டிருந்தது, எங்கே ஒரு கும்பல் முடிகிறது எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சொல்ல முடியாது, அந்த விளிம்பு வந்து, கடந்து, போயே போய்விட்டது. கருவி ஐம்பத்தெட்டில் நின்றிருந்தது. நோட்டைப் பிரித்தேன்... இதை நான் இத்தனை வருடமாக எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ மங்கலாக, கண்ணால் அளந்து எழுதினேன் என்று, அவசரத்தில் தோராயம் என்று. காலையில் அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கும்போதுகூட எழுத்தைப் பார்க்காமல் போனை மட்டும் பார்த்தேனே. தோராயம் இல்லை. தோராயமாக எழுதுகிறவள் இருநூறு என்று எழுதுவாள், முந்நூறு என்று எழுதுவாள். நான் இருநூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று நாற்பது, ஐந்நூற்று எழுபத்தைந்து என்று எழுதினேன், ஆறு பதினெட்டு, ஆறு இருபத்தேழு, ஆறு முப்பத்தொன்பது என்று நேரமும் போட்டேன், கோடு எங்கே வளைகிறது, எந்தெந்த இடத்தில் புள்ளி விழுந்தால் நிமிரும் என்பது எனக்கு மனப்பாடம். கேசரி நெய் பட்ட விரலால் எழுதினேன், பக்கத்தின் ஓரத்தில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. அடுத்த நாள் சார் நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மூணும் எண்ணினதாம்மா, குத்துமதிப்பா?" என்று கேட்டார். கேட்டார். யாருமே கேட்கவில்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேனே, கேட்ட ஒரே ஆள் அவர்தான். எண்ணினதுதான் சார், என்றேன். சரிம்மா என்றார், ஸ்கேலை எடுத்தார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அது. இந்த வேலை, இந்தப் பட்டுப்புடவை, பெயருக்கு முன்னால் போடுகிற அந்த முனைவர், எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதோ ஏற்புரைக்கு எழுந்துவிட்டார். சால்வைகளைக் கழற்றி வள்ளியம்மா மடியில் குவித்துவிட்டு மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், இப்போது எல்லாருக்கும் நன்றி சொல்வார், பெற்றோர், முதல்வர், அலுவலகப் பணியாளர்கள், பன்னிரண்டு நிமிடம், நடுவில் பழைய நகைச்சுவை ஒன்று... "அந்தப் பேப்பரப் பத்தி நெறைய பேர் பேசினாங்க. அதுல நான் பண்ணினது கம்மி. ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான். சித்திரை வெயில்ல மாடியில நின்னு ஆறு பௌர்ணமி எண்ணினது கஸ்தூரி. அவ பேரை ரெண்டாவதா போட்டேன், அது அப்பவே தப்புன்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்லல. ரிட்டயர் ஆகுற அன்னைக்காவது சொல்லிடணும். அது முழுக்க கஸ்தூரியோட வேலை. அதோ ஒக்காந்திருக்கா, தொண்டை சரியில்லனு பேசமாட்டேன்னுட்டா." முழுக்க என்றாரா? நான் எழுதி வைத்திருக்கிற அதே சொல். தலைகள் திரும்புகின்றன, யாரோ தட்ட ஆரம்பிக்கிறார்கள், அன்புச்செல்விதான், பக்கத்திலேயே, காதடைக்கும்படி, பிறகு மூன்றாம் வரிசை, மாணவர்கள், விசில், ஒருவன் எழுந்து நிற்கிறான், அவனுக்குப் பின்னால் இருந்தவனுக்கு மறைக்கிறது, அவனும் எழுகிறான், இப்படித்தான் எழுவார்கள், மரியாதையால் இல்லை, மறைக்கிறது என்று, எனக்கு இதன் கணக்கு தெரியும், அரைவாசி எழுந்துவிட்டால் மீதிப் பேரால் உட்கார்ந்திருக்க முடியாது, முடியவில்லை, மண்டபம் முழுக்க நிற்கிறது, எனக்காக. எழுந்து கைகூப்பினேன். என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்ததை உணர்ந்தேன், யாரையும் புண்படுத்தாத சிரிப்பு.

ஏன் இன்றைக்கு? பதினெட்டு வருடம் சொல்லாதவர், மெயில் வந்த ஐந்தாவது நாள் ஏன் சொல்கிறார்? ஆமாம், அவருக்கும் வந்திருக்கும், கட்டுரையில் தொடர்பு முகவரியே அவருடையதுதானே, எனக்கு எழுதியவள் அவருக்கு எழுதாமல் இருப்பாளா, இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை? அப்படியென்றால் படித்திருக்கிறார், யோசித்திருக்கிறார், முந்நூறு பேர் முன்னால், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது, அது என் வேலை இல்லை, அவளுடையது என்று பதிவு செய்துவிட்டார், நாளைக்கு அந்தப் பெண் கேட்டால் கையை விரித்துவிடலாம், எவ்வளவு அழகாக, சால்வை போர்த்திக் கைகழுவுவது, ஆஹா, நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர். நினைக்க நினைக்க நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது, அவர் கெட்டவர்தான் என்கிற செய்தியில் வருகிற குளிர்ச்சி, நல்ல வேளை, நல்ல வேளை... அல்லது அவர் நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னாரா? அன்றைக்கு டீக்கடை பெஞ்சிலிருந்து எங்கள் மாடி தெரிந்திருக்குமே, நாற்பது நிமிடம் கைப்பிடிச் சுவரில் யாரும் இல்லை என்று பார்த்திருப்பாரா, பார்த்துவிட்டா மறுநாள் கேட்டார், பார்த்துவிட்டா சரிம்மா என்றார்? இல்லை, அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டு ஜனங்களைக் குறித்துக்கொண்டிருந்திருப்பார், தலையை நிமிர்த்திப் பார்க்கிற ஆளா அவர்.

பந்தியில் எனக்கு எதிர்வரிசையிலேயே அவரை உட்கார வைத்தார்கள், ஆனால் அவர் உட்காரவில்லை, ஒவ்வொரு இலையாகப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார், என் இலைமுன் வந்து நின்றார். "கூட்டத்துல சங்கடப்படுத்திட்டேனாம்மா?" இல்ல சார். சாம்பார் ஊற்றுகிறவர் போகட்டும் என்று காத்திருந்தேன், அப்புறம் கேட்டேவிட்டேன். "பெங்களூர்ல இருந்து ஒரு பொண்ணு மெயில் போட்டிருந்தாளே சார், பார்த்தீங்களா?" முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சின்னத் துடிப்பாவது வரும் என்று. "பார்த்தேம்மா, செவ்வாக்கிழமையே வந்துச்சு. நல்லா எழுதியிருக்கா, கெட்டிக்காரப் பொண்ணு." பதில் போட்டுட்டீங்களா? "இல்லியே. நோட்டு உங்கிட்டதானே இருக்குது, நீயே போடு." என்னன்னு சார் போடட்டும்? "என்னைக் கேட்டா? உனக்கு என்ன தோணுதோ அதப் போடு. தப்புன்னு வந்தாலும் பரவால்ல, ரெண்டு பேரும் சேர்ந்துதானே கையெழுத்து போட்டோம், நான் ரிட்டயர் ஆயிட்டேன், என்னை இன்னா பண்ணிடப் போறாங்க. உனக்குத்தான் இன்னும் சர்வீஸ் இருக்குது, பார்த்து எழுது." வடைக்காரரைக் கூப்பிட்டு, இந்தம்மாவுக்கு இன்னொண்ணு வைப்பா என்றார். வள்ளியம்மா மாத்திரை போடவில்லை என்று கூப்பிட்டாள், போய்விட்டார், வேட்டி ஓரத்தில் சாம்பார் சிந்தியிருந்தது, அது தெரியாமலேயே நடந்து போனார்.

பார்த்து எழுது என்றால் என்ன அர்த்தம், மிரட்டலா? அந்தக் குரலில் மிரட்டல் இல்லை, இல்லாமலேயே மிரட்டத் தெரிந்தவராக இருக்கலாம், இருக்க வேண்டும், ரெண்டு பேரும் சேர்ந்துதானே என்றாரே, அது பாசமா, மாட்டினால் நீயும்தான் என்கிற நினைவூட்டலா, ஒரு வார்த்தையாவது கூடவோ குறையவோ சொல்லியிருக்கலாமே மனிதர். கை கழுவிவிட்டு மண்டபத்துக்கு வெளியே வந்து, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்தேன். முழுக்க முழுக்க டாக்டர் சகாதேவனுடையது, அதில் எனக்குப் பங்கு இல்லை என்ற வரியை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுத்தேன், கறுத்து நின்றது, அழித்தேன், எளிதாகத்தான் இருந்தது. மீதி குறிப்பேடு இணைத்திருக்கிறேன் என்ற ஒரு வரி, அதற்குக் கீழே வெள்ளை. அந்த இடத்தில் ஒரு வாக்கியம் வேண்டும், எனக்குத் தெரிந்த உண்மையான வாக்கியம், ஆறு ஐந்திலிருந்து ஆறு நாற்பத்தைந்துவரை நான் மாடியில் இல்லை, பத்துச் சொல்கூட வராது, ஒரு நிமிடம் ஆகுமா? "மேடம், ஆட்டோ வந்துடுச்சு, நீங்களும் வரீங்களா?" என்று அன்புச்செல்வி கேட்டில் நின்று கூப்பிட்டாள், வரேன், ஒரு நிமிஷம். மேடைப்பக்கமிருந்து அவர் குரல் கேட்டது, யாரிடமோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார், நான் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சிரிப்பில் எங்காவது ஒரு கள்ளம், ஒரு துளி, கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அப்போதுதான் கவனித்தேன், அது கிடைத்துவிட வேண்டும் என்று நான் கிட்டத்தட்ட வேண்டிக்கொண்டே நிற்கிறேன், அவர் மட்டும் நல்லவர் என்று ஆகிவிட்டால், பழி போட ஆளில்லாமல், நாளைக் காலையில் எழுந்ததும் நான்...